எழுதாத வரிக்கு எவ்வளவு கூலி? லாக்ஃபோர்ஜே 2 பயன்படுத்திய அனுபவம்

ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சர்வர் பக்க நிரல் எழுதுவது என் வேலை. அலுவலகம் கோவையில். பதினேழு ஆண்டுகளாக ஜாவா. அதற்குள் டேட்டாபேஸ் மாறிவிட்டது, சர்வர்கள் மாறிவிட்டன, நானே மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டேன். கூடவே வந்துகொண்டிருப்பது லாக் வரி. "இதுவரை வந்துவிட்டேன், என் கையில் இருக்கும் மதிப்பு இது" என்று ஓடுகிற நிரல் நமக்கு எழுதிவைக்கும் துண்டுச் சீட்டு அது. அந்தச் சீட்டை எழுதித் தரும் லைப்ரரிகளில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளில்) லாக்ஃபோர்ஜே 2-ஐ எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வேகம்தான் அதன் பெருமை. அந்தப் பெருமை எங்கே செல்லுபடியாகிறது, எங்கே ஆகவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நிறுவுவது எப்படி என்பதற்குக் கையேடு இருக்கிறது.

எனக்கு இந்தப் பாடம் ஏறியது பொங்கலுக்கு முன்பதிவு தொடங்கிய ஓர் இரவில். சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்களுக்கு ஒரே நேரத்தில் கூட்டம். தேடுதல் வேலை செய்தது, பணம் கட்டும் பக்கம் வேலை செய்தது, இடையில் இருக்கும் இருக்கைப் படம் மட்டும் வரவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டேட்டாபேஸ் மூச்சுத் திணறியது. எல்லோரும் டேட்டாபேஸைத் திட்டினோம். இன்னொரு சர்வரைச் சேர்த்தோம், நிலைமை மோசமானது.

கடைசியில் யாருக்கும் தோன்றாமல் இருந்த பழைய வழிக்கே போனேன். ஓடிக்கொண்டிருந்த ஜாவாவிடம் பத்து நொடிக்கு ஒரு முறை, ஐந்து முறை, "இப்போது ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது?" என்று கேட்டு வாங்கினேன். (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலையோட்டம்தான் த்ரெட்.) ஐந்து தாள்களிலும் ஒரே காட்சி. இருக்கைப் படம் தயாரிக்க வேண்டிய த்ரெட்டுகள் அத்தனையும் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருந்தன. யார் கேட்ட கேள்விக்கு என்று மேலே ஏறிப் பார்த்தால், டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கொண்டுவரும் ஹைபர்நேட் என்ற லைப்ரரி, அதற்கு மேலே ஒன்றைச் சொற்களாக மாற்றும் டூஸ்ட்ரிங் என்ற மெத்தட் (செயல்துண்டு), அதற்கு மேலே இந்த ஒரு வரி:

லாக்.டீபக்("பயணம்: " + பயணம்);

(ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நாங்கள் வைப்பதில்லை; இங்கே படிப்பவர்களின் வசதிக்காக மாற்றியிருக்கிறேன்.)

வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சர்வரில் லாக் லெவல் இன்ஃபோ; டீபக், இன்ஃபோ, வார்ன் என்று ஏறும் படிகளில் அதற்குக் கீழே உள்ளவை எழுதப்படாது. ஆகவே இந்த டீபக் வரி ஓர் எழுத்தைக்கூட எங்கும் எழுதவில்லை. ஆனால் எழுதலாமா வேண்டாமா என்று லைப்ரரி முடிவெடுப்பதற்கு முன்பே, அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஜாவா தயாரித்தாக வேண்டும். இரண்டு சொற்களை ஒட்டவைக்க வேண்டுமானால் பயணம் என்ற ஆப்ஜெக்டை, அதாவது தகவல் பொதியை, சொற்களாக மாற்ற வேண்டும். அந்த டூஸ்ட்ரிங் மெத்தடை யாரும் கையால் எழுதவில்லை. லோம்போக் என்ற கருவி தானாக எழுதிக்கொடுத்தது. அது எல்லா உறுப்புகளையும் விடாமல் சேர்த்துவிட்டது. பயணத்துக்குள் 36 படுக்கைகளின் பட்டியல். ஒவ்வொரு படுக்கைக்குள்ளும் அதன் முன்பதிவுகளின் பட்டியல். இவை எல்லாம் "கேட்டால் மட்டும் கொண்டு வா" என்று ஹைபர்நேட்டிடம் சொல்லிவைத்தவை. டூஸ்ட்ரிங் கேட்டது. ஹைபர்நேட் கொண்டுவந்தது. படுக்கைப் பட்டியலுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கேள்வி, ஏறுமிடங்களுக்கு ஒன்று என 38 கேள்விகள். பக்கத்துக்கு உண்மையில் தேவைப்பட்டவை இரண்டு.

சோதனைச் சர்வரில் இது ஏன் தெரியவில்லை? அங்கே பஸ்ஸில் மூன்று படுக்கைகள், ஓட்டிப் பார்ப்பவர் ஒருவர். அந்த வரியை எழுதியது யார் என்று தேடினேன். நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு மாலையில்.

இதில் லைப்ரரியின் குற்றம் ஒன்றுமே இல்லை. நியாயமாகச் சொன்னால் இந்த ஆபத்தைப் பழைய லாக்ஃபோர்ஜே 1.2-இன் கையேடே எச்சரித்திருக்கிறது. 2008-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். அந்தக் கையேட்டின் கணக்கு இது: 800 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி டூரான் சில்லில், ஜேடிகே 1.3.1 என்ற பழைய ஜாவா பதிப்பில், எழுதலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஏறக்குறைய 5 நானோ நொடி. உண்மையில் எழுதினால், எளிய வடிவமைப்பில் 21 மைக்ரோ நொடி. இந்தக் கணக்கைப் பார்த்து எழுதாத வரி இலவசம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அளவுருக்களை, அதாவது அடைப்புக்குறிக்குள் கொடுப்பவற்றை, தயாரிக்கும் மறைமுகச் செலவு தனி என்று அதே கையேடு சொன்னதை அவ்வளவு பேர் படிக்கவில்லை. படித்தவர்கள் ஒவ்வொரு டீபக் வரிக்கும் முன்னால் "டீபக் இயங்குகிறதா?" என்று ஓர் இஃப் போட்டார்கள். ஒரு வரி மூன்று வரியானது. இருபது வரி மெத்தடில் பன்னிரண்டு வரி லாக் காவல். நகலெடுத்து ஒட்டும் அவசரத்தில் இன்ஃபோ காவலுக்குள் டீபக் வரி உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காவல்காரர் எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

லாக்ஃபோர்ஜே 1-ஐத் தொடங்கிய ஜெக்கி குல்ஜூ பின்னர் எஸ்எல்எஃப்ஃபோர்ஜே, லாக்பேக் என்ற லாக் லைப்ரரிகள் இரண்டையும் உருவாக்கினார். நெளிவு அடைப்பு முறையை நம்மில் பலருக்குப் பழக்கியது எஸ்எல்எஃப்ஃபோர்ஜேதான். சொற்றொடரில் {} என்று ஓர் இடம் விட்டுவிட்டு, ஆப்ஜெக்டைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். எழுதுவது என்று முடிவானால் மட்டும் இரண்டும் சேரும். லாக் அணைந்திருக்கும்போது, ஒட்டுப்போட்ட வரியைவிட இது குறைந்தது 30 மடங்கு வேகம் என்று எஸ்எல்எஃப்ஃபோர்ஜேயின் கேள்வி-பதில் பக்கம் சொல்கிறது. எங்கள் பொங்கல் இரவில் 30 மடங்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒட்டுக்குறியை எடுத்துவிட்டு {} போட்ட அந்த நிமிடமே டேட்டாபேஸ் அடங்கியது.

2014-இல் வெளிவந்த லாக்ஃபோர்ஜே 2 இதையே எடுத்துக்கொண்டு இன்னும் மெருகேற்றியிருக்கிறது. இங்கேதான் எனக்கு இந்த லைப்ரரி மீது மரியாதை. எஸ்எல்எஃப்ஃபோர்ஜேயில் மூன்று மதிப்புகள் கொடுத்தால் அவற்றை வரிசையாக வைக்க அர்ரே என்ற ஒரு பெட்டி உருவாகும். வரி அணைந்திருந்தாலும் உருவாகும். லாக்ஃபோர்ஜே 2 பத்து மதிப்புகள் வரைக்கும் தனித்தனி மெத்தட் வைத்திருக்கிறது. அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை ஒரே மெத்தட் திரும்பத் திரும்ப வரும், பார்க்க அசிங்கம். அந்த அசிங்கத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டதால் என் நிரலில் குப்பை குறைகிறது. 2.6 பதிப்பில் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார்கள்: வழக்கமான லாக் பாதையில் புதிய ஆப்ஜெக்டே உருவாக்காமல், இருப்பதையே கழுவிக் கழுவிப் பயன்படுத்துவது. பயன்படுத்தி முடித்த ஆப்ஜெக்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் நடுவில் வந்து நிரலை நிறுத்திவைப்பதை வெறுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எங்களைப் போன்ற வலைத்தளங்களில் இதன் ஒரு பகுதி தானாகவே அணைந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; த்ரெட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஆப்ஜெக்டுகள் வெப் சர்வரில் நினைவகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த முன்னெச்சரிக்கை.

என் மடிக்கணினியில் ஜேஎம்ஹெச் என்ற வேகம் அளக்கும் கருவி கொண்டு அளந்தேன். அணைந்த வரி, எளிய அளவுரு, {} முறை: ஒற்றை இலக்க நானோ நொடி. இந்த அளவில் அளப்பதே ஒரு வித்தை. நீங்கள் அளக்க நினைக்கும் வேலையை, பயனில்லாத வேலை என்று ஜாவாவின் கம்பைலர் தூக்கி எறிந்துவிட்டு உங்களுக்குப் பூஜ்யத்தைக் காட்டும்.

{} முறைக்கும் எல்லை உண்டு. கொடுக்கும் மதிப்பே ஒரு மெத்தட் அழைப்பாக இருந்தால், அது முன்கூட்டியே நடந்துவிடும். பயணத்தை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாற்றும் மெத்தடை இரண்டாவது அளவுருவாக எழுதினால் {} எந்த உதவியும் செய்யாது. அதற்காகவே 2.4 பதிப்பில் லாம்ப்டா வந்தது. "இதைச் செய்" என்பதற்குப் பதிலாக "தேவைப்பட்டால் இதைச் செய்துகொள்" என்று எழுதிக்கொடுக்கலாம். இதை எங்கள் குழுவில் தேனியிலிருந்து வந்திருக்கும் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தான்.

"அக்கா, எல்லா லாக் வரியையும் லாம்ப்டாவாக மாற்றிவிட்டேன்."

"எல்லாவற்றையுமா?"

"நானூற்றுச் சொச்சம், அக்கா."

பயண எண் என்ற ஒற்றை மதிப்பை எழுதும் வரியிலும் லாம்ப்டா. கையில் தயாராக இருக்கும் மதிப்புக்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை. வெளியிலிருக்கும் மாறியைப் பிடித்துக்கொள்ளும் லாம்ப்டாவுக்கே ஓர் ஆப்ஜெக்ட் உருவாகலாம்; இல்லாத செலவைத் தவிர்க்கப் புதிய செலவு. மாறியின் மதிப்பு நடுவில் மாறினால் கம்பைலர் ஒப்புக்கொள்ளாது என்பதால், அவன் லாக் வரிக்காகவே புதிய மாறிகளையும் அறிவித்திருந்தான். உழைப்பை மறுக்க முடியவில்லை. பத்துப் பதினைந்து வரிகளை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பினோம்.

அடுத்தது, விளம்பரத்தில் முதலில் வருகிற அம்சம்: அசின்க் லாகர். லண்டனிலுள்ள எல்மேக்ஸ் என்ற நிதிச் சந்தை நிறுவனம் தன் பரிவர்த்தனைகளுக்காக எழுதி 2011-இல் பொதுவில் வைத்த டிஸ்ரப்டர் என்ற லைப்ரரி இதன் அடித்தளம். உங்கள் த்ரெட் லாக் செய்தியை ஒரு வட்ட வரிசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பின்னால் இன்னொரு த்ரெட் எடுத்து எழுதிக்கொண்டிருக்கும். பழைய முறையில் பூட்டுப் போட்டுக் காத்திருந்த த்ரெட்டுகள் இதில் பூட்டில்லாமல் கடந்துபோகும். வட்டத்தில் இயல்பாக 2,62,144 இடங்கள். குப்பையில்லா முறையில் 4,096.

கூட்ட நேரத்தில் பக்கங்கள் வேகமாக வந்தன. வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் டிஸ்க் வேகமாகிவிடவில்லை. ஒரு முறை எங்கள் லாக் கோப்புகள் வலையமைப்பு வழியாக இணைத்த டிஸ்க்கில் இருந்தன. அந்த டிஸ்க் மந்தமானது. வட்டம் மெதுவாக நிரம்பியது. நிரம்பும்வரை எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நிரம்பியவுடன் எல்லா த்ரெட்டுகளும் இடத்துக்காக நின்றன. இயல்பான நடத்தை அதுதான்: இடம் கிடைக்கும்வரை காத்திரு. காத்திருக்காமல் இன்ஃபோவையும் அதற்குக் கீழானவற்றையும் உதறிவிடு என்று மாற்றியமைக்க ஒரு ப்ராப்பர்ட்டி (அமைப்பு மதிப்பு) இருக்கிறது. நாங்கள் மாற்றினோம். பணம் தொடர்பான செய்திகளை வார்ன் லெவலுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. ஒழுங்காக நடந்த பரிவர்த்தனைக்கு எச்சரிக்கை என்று பெயர் வைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இன்னொன்று: நிரல் திடீரென்று செத்தால் வட்டத்தில் காத்திருந்த கடைசிச் செய்திகள் அதோடு போய்விடும். ஏன் செத்தது என்று சொல்லக்கூடியவை பெரும்பாலும் அவைதான்.

சொற்றொடரைச் சேர்க்கும் வேலையும் பின்னால் இருக்கும் த்ரெட்டுக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இயல்பாக அப்படிப் போவதில்லை. அந்த த்ரெட்டின் முறை வருவதற்குள் ஆப்ஜெக்டின் மதிப்பு மாறிவிடலாம் என்பதால், உங்கள் த்ரெட்டிலேயே சேர்த்து முடித்துவிட்டுத்தான் வரிசையில் வைக்கிறது. சரியான முடிவு. ஆனால் பயணத்தின் டூஸ்ட்ரிங் போன்ற பூதத்தை அசின்க் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இதில் அடிபட்டுப்போகும். பிரச்சினை நாளில் டீபக்கை இயக்கினால் அந்த 38 கேள்விகளும் வாடிக்கையாளர் காத்திருக்கும் அதே த்ரெட்டில் கிளம்பும்.

எங்கள் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் ஒருவருக்கும் எனக்கும் தீராத ஒரு வழக்கு உண்டு. "என்னம்மா, லாக்கில் வரி எண்ணையே காணோம்?" என்பார். எந்தக் கோப்பில், எந்த மெத்தடில், எந்த வரியிலிருந்து செய்தி வந்தது என்பதை அச்சிட வடிவமைப்பில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். அந்த ஓர் எழுத்தின் விலை பெரிது. தான் எந்த வரியிலிருந்து அழைக்கப்பட்டோம் என்று லாகருக்குத் தெரியாது. அழைப்பு அடுக்கைப் படமெடுத்து, தன் சொந்த மெத்தடுகளைத் தாண்டித் தாண்டி உங்கள் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரண முறையில் 1.3 முதல் 5 மடங்கு, அசின்க் முறையில் 30 முதல் 100 மடங்கு மெதுவாகும் என்று கையேடே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அசின்கில் கூடுதல் அடி விழக் காரணம், வேறு த்ரெட்டிடம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் படத்தை எடுத்தாக வேண்டும் என்பது. ஆகவே அசின்கில் இது இயல்பாக அணைத்தே வரும். நிரலை ஓடும் வடிவமாகக் கட்டும் பில்டு நேரத்திலேயே இடக் குறிப்பைப் பதித்துவிடும் ஒரு கருவியையும் அதே குழு வெளியிட்டிருக்கிறது. இன்னும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போதைக்கு, ஒவ்வொரு செய்தியின் சொற்களும் நிரலில் வேறெங்கும் வராதபடி எழுதுகிறோம். தேடினால் ஒரே இடம் கிடைக்கும். அண்ணனுக்கு இன்னும் திருப்தி இல்லை.

கோப்பில் எழுதும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேண்டம்ஆக்சஸ்ஃபைல் என்று பெயர் தொடங்கும் அப்பெண்டரை (செய்தியைக் கொண்டுபோய் எழுதும் பகுதியை) எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் சேர்த்துவைக்க 256 கேபி பஃபர் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் உடனே டிஸ்க்குக்குத் தள்ளு என்பது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை அணைக்காமல் பஃபரைப் புகழ்வதில் பொருளில்லை. அசின்கோடு அணைத்தால் கவலையில்லை, கையிலிருக்கும் தொகுதி முடிந்தவுடன் அதுவே தள்ளிவிடும்.

வேகம் மட்டும் பேசுவதாகச் சொன்னாலும் 2021 டிசம்பரைத் தாண்டிப் போக முடியாது. லாக் செய்திக்குள் டாலர் குறியும் நெளிவு அடைப்புமாக ஒரு கட்டளை வந்தால், அதை லைப்ரரி படித்துப் பொருள்கொண்டு செயல்படுத்தும் வசதி இருந்தது. அந்தக் கட்டளை வெளியிலிருக்கும் ஒரு சர்வரைச் சுட்டினால் அங்கே போய் நிரலைக் கொண்டுவந்து ஓட்டவும் முடிந்தது. உலகம் அதை லாக்ஃபோர்ஷெல் என்று அழைத்தது. தீவிரத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து. உலாவியின் பெயரைப் பதிவுசெய்த ஒரு சாதாரண லாக் வரி, வாசல் கதவானது. டிசம்பர் முடிவதற்குள் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அந்த மார்கழி முழுவதும் நான் பதிப்பு எண்ணை மாற்றி, பில்டு செய்து, ஏற்றி, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். செய்திக்குள் பொருள் தேடும் அந்த வசதியை 2.16.0-இல் அடியோடு நீக்கினார்கள். நானோ நொடிகளை இவ்வளவு கவனமாக எண்ணிய ஒரு லைப்ரரியில், யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு செய்தியையும் துருவிப் பார்க்கும் வேலை எப்படி இயல்பாக இயங்கிக்கொண்டிருந்தது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. பழைய பதிப்பு 1-க்கு ஓடிவிடலாமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். அதற்கான பராமரிப்பு 2015 ஆகஸ்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

லாக்பேக்கோடு ஒப்பிடச் சொல்பவர்களுக்கு: ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பைப் போட்டால் தானாகவே வருவது அதுதான். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் கோரிக்கை வாங்கும் நிரலுக்கு அதை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அதன் அசின்க் அப்பெண்டரில் இயல்பாக 256 இடங்கள்தான். ஐந்தில் ஒரு பங்கு இடமே மிச்சம் என்ற நிலை வந்தவுடன் இன்ஃபோவும் அதற்குக் கீழானவையும் சத்தமில்லாமல் உதிரத் தொடங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "லாக் வரவில்லை, ஆகவே அந்த வழியாக நிரல் போகவில்லை" என்று முடிவுக்கு வந்து ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறேன். கூட்ட நேரம், விழாக் காலம், பல த்ரெட் என்றால் லாக்ஃபோர்ஜே 2 தன் கூலிக்கு உழைக்கிறது. எரிச்சலூட்டுவது அதன் அமைப்புக் கோப்பு. ஒரு பகுதியை எக்ஸ்எம்எல்லிலும் இன்னொரு பகுதியை ஜாவா தொடங்கும்போது கொடுக்கும் ப்ராப்பர்ட்டிகளிலும் எழுத வேண்டும். எது எங்கே என்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கையேட்டைத் திறந்தே பார்க்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழித்த ஒன்று, மார்கழிக்கு.

பொங்கல் இரவின் அந்த வரி இப்போதும் நிரலில் இருக்கிறது. {} போட்ட பிறகும் மனம் ஒப்பாமல், பயணத்துக்குப் பதிலாகப் பயண எண்ணை மட்டும் கொடுத்தேன். லோம்போக் எழுதும் டூஸ்ட்ரிங்கிலிருந்து பட்டியல்களை விலக்கினோம். ஒரு முறைகூட அந்த வரியை யாரும் இயக்கிப் பார்க்கவில்லை. போன மாதம் தேனித் தம்பி அதை நீக்கிவிடலாமா என்று கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.